சிவப்புத் தலைக் குருவியும் மக்லியர் எலியும்

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒரு பாடும் பறவை இனத்தையும் அழிந்துபோன ஒரு கொறிக்கும் விலங்கினத்தையும் ஒப்பிட்டு எழுதிப் படமும் வரைய வேண்டும். பறவைக்கு நம் மொரீஷியஸ் பறவை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நம் தீவில் அழிந்துபோன எலி எது, ஐயா? குருவியையும் எலியையும் ஒப்பிடுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?"

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. மொரீஷியஸில் அழிந்துபோன எலி கிடையாது. மொரீஷியஸுக்கென்று சொந்த எலியே இருந்ததில்லை. எரிமலை கக்கிக் கக்கிக் கடலுக்குள்ளிருந்து எழுந்த தீவு இது. எந்தக் கண்டத்தோடும் ஒட்டிக்கொண்டிருந்ததில்லை. பறந்து வந்தவையும் மிதந்து வந்தவையும்தான் இங்கே குடியேறின. பாலூட்டிகளில் பறக்கத் தெரிந்தது வௌவால் ஒன்றுதான். ஆகவே நம் தரையின் சொந்தப் பாலூட்டிகள் எல்லாம் வௌவால்களே. அடுக்களையில் நாம் விரட்டும் லேரா என்ற எலி, கரும்புக் காட்டு எலி, சுண்டெலி எல்லாம் கப்பலில் வந்தவை. வீட்டு மூலையில் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறும் அப்படி வந்ததுதான். ஆனால் அது கொறிக்கும் விலங்கே அல்ல. பூச்சி தின்னும் வேறு குலம். பிள்ளையாருக்கு எலி வாகனம் என்று பாதிப் பேரும் மூஞ்சூறு வாகனம் என்று மீதிப் பேரும் சொல்கிறோம்; உயிரியல் பாடத்தில் இரண்டும் ஒன்றல்ல என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எனவே எலிக்காக நம் பெருங்கடலிலேயே ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே போக வேண்டும். ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1643ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வில்லியம் மைனர்ஸ் என்ற கப்பல் தலைவர் அதைக் கடந்துபோனார். பெயர் அப்படி வந்தது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். நம் தீவில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குதான். இன்று ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருக்கிறது. அங்கே இரண்டு சொந்த எலியினங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றான மக்லியர் எலியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பறவைக்கு நம் சிவப்புத் தலைக் குருவி. அறிவியல் பெயர்களாக ராட்டஸ் மக்லியரி, ஃபூடியா ரூப்ரா என்று எழுதிக்கொள்ளலாம்.

அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இந்த இரண்டையும் எடுத்தால் இருக்கிறது. கப்பலில் வந்த அதே கருப்பெலியைத்தான் இரண்டும் எதிர்கொண்டன. குருவி அதோடு நானூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டு இன்றும் இருக்கிறது. எலியோ நான்கைந்து ஆண்டுகளில் அடியோடு போய்விட்டது. யாரைக் கேட்டாலும் குருவிதான் முதலில் போயிருக்கும் என்பார்கள். நேர்மாறாக நடந்ததற்குக் காரணம், எலிக்கு எலி உறவு, குருவிக்கு எலி அந்நியன் என்பதுதான். உறவினனிடமிருந்து தொற்றக்கூடிய ஒன்று அந்நியனிடமிருந்து தொற்றாது. கட்டுரையின் முதுகெலும்பாக இதை வைத்துக்கொள்ளலாம்.

பாடும் பறவை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இனிமையாகப் பாடுவதால் வந்த பட்டம் அல்ல அது. உடலமைப்பை வைத்துப் பிரித்த பெரும் பிரிவு. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் குரலுறுப்பும் அதை இயக்கும் நுட்பமான தசைகளும்தான் கணக்கு. அந்தக் கணக்கில் காக்கையும் பாடும் பறவையே. நம் சிவப்புத் தலைக் குருவியின் குரலும் கச்சேரிக்கு உதவாது, சிப் சிப் என்று அடுக்கும். தமிழ்நாட்டுத் தூக்கணாங்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். ஆனால் தூக்கணாங்குருவியைப் போல நீண்ட குழல் வைத்துக் கூட்டைத் தொங்கவிடாது; பந்துபோல முடைந்து பக்கவாட்டில் வாசல் வைக்கும். பூச்சி தின்னும், பூந்தேனும் குடிக்கும்.

இனி எலியின் கதை. 1887இல் ஃபிளையிங் ஃபிஷ் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் தலைவர் ஜான் மக்லியரின் பெயரால், ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற விலங்கியலாளர் இந்த எலிக்குப் பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டே பிரிட்டன் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தீவின் பாறையில் பாஸ்பேட் இருந்ததுதான் காரணம். உரத்துக்கு நல்ல விலை. தோண்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிந்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது நம் அதிர்ஷ்டம். சார்லஸ் ஆண்ட்ரூஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1897இலும் 1898இலும் பல மாதங்கள் தீவில் தங்கி எல்லாவற்றையும் சேகரித்து எழுதினார். அவர் எழுதியதிலிருந்துதான் மக்லியர் எலி நம் கண்முன் ஓடுகிறது.

பெரிய எலி. மேலே பழுப்பு, முதுகில் நீண்ட கருமயிர்கள் துருத்திக்கொண்டிருக்கும். நீண்ட வாலின் முன்பாதி கறுப்பு, நுனிப்பாதி வெள்ளை. தீவில் மிக அதிகமாக இருந்த பாலூட்டி அதுதான். பகலில் மர வேர்களுக்கு இடையிலும் பொந்துகளிலும் பதுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். மரமேறிப் பழம் தின்னும். மனிதனைக் கண்டு அஞ்சத் தெரியாது. கூடாரத்துக்குள் நுழைந்து, படுத்திருப்பவர்மீது ஏறி ஓடி, கையில் கிடைத்ததை இழுத்துக்கொண்டு போகும். ஆண்ட்ரூஸுக்கு அது பெருந்தொல்லை. அது அழியக்கூடும் என்று அவர் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்.

இன்னொரு எலியும் அங்கே இருந்தது என்று சொன்னேன் அல்லவா. குட்டை வாலும் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலமுமாக, தீவின் உயரமான பகுதிகளில் வளை தோண்டி வாழ்ந்த சோம்பேறிப் பிராணி. அதற்கும் அதே கதிதான். அதை ஒரு வரியில் சேர்த்துவிட்டு அப்பால் போகலாம்.

1899இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பல் தீவுக்கு வந்தது. அதிலிருந்த வைக்கோல் கட்டுகளோடு கருப்பெலிகள் இறங்கின. அடுத்த சில ஆண்டுகளில் தீவின் மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். இரவில் மட்டும் நடமாடும் சொந்த எலிகள் பட்டப்பகலில் பாதைகளில் தள்ளாடி ஊர்ந்துகொண்டிருந்தன. சாகும் நிலையில் இருந்தன. அந்தச் சமயத்தில் ஹெர்பர்ட் டர்ஹம் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் அங்கு வந்திருந்தார். வந்த வேலை பெரிபெரி நோயை ஆராய்வது. அவர் அந்த எலிகளின் இரத்தத்தில் டிரிப்பனோசோம் என்ற நுண்ணுயிரியைப் பார்த்தார். ஆண்ட்ரூஸ் 1908இல் திரும்பி வந்து தேடினார். இரண்டு இனங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை. 1903 அளவிலேயே முடிந்துவிட்டது என்பது பொதுவான கணிப்பு.

நோய்தான் கொன்றதா, அல்லது புது எலியோடு கலந்து பழையது கரைந்துபோனதா, அல்லது உணவுப் போட்டியா என்று நூறாண்டு விவாதம் நடந்தது. 2008இல் அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த எலித் தோல்களிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். 1899க்கு முன் பிடித்த எலிகளில் டிரிப்பனோசோமின் தடயம் இல்லை. பின் பிடித்தவை சிலவற்றில் இருந்தது. இரண்டு இனமும் கலந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரு பாலூட்டி இனம் நோயால் அழிந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று அதுவரை யாரிடமும் இருந்ததில்லை.

அந்த நுண்ணுயிரியின் பிழைப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. டிரிப்பனோசோம் லூவிசி எலிகளின் இரத்தத்தில் வாழ்வது. தெள்ளுப்பூச்சிதான் அதன் வாகனம். உடம்பைக் கடித்துச் சுத்தம் செய்யும்போது எலி தெள்ளையோ அதன் எச்சத்தையோ விழுங்கிவிடும், அப்படித் தொற்றும். கருப்பெலிக்கு இது பெரிய நோயே அல்ல. சில வாரம் இரத்தத்தில் இருக்கும், பிறகு உடம்பு அதை வென்றுவிடும். எத்தனையோ தலைமுறைகளாகப் பழகிய சினேகிதம். மக்லியர் எலியோ லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தீவில் இருந்த உயிர். அதன் உடம்புக்கு இந்த விருந்தாளியின் முகமே தெரியாது. ஆனாலும் அதுவும் ராட்டஸ் பேரினத்தைச் சேர்ந்த எலிதான். கருப்பெலியின் தெள்ளுக்கு அதன் மயிரும் சூடும் பழக்கமானவை, நுண்ணுயிரிக்கு அதன் இரத்தமும் பழக்கமானது. பூட்டு ஒன்றாக இருந்ததால் சாவி பொருந்தியது. குருவியின் உடம்பில் அந்தப் பூட்டே இல்லை.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை உடைக்க வேண்டும். எலி வேகமாகப் பெருகும், அதனால் எலியினம் அழியாது என்று எல்லோரும் நினைக்கிறோம். பூனையோ ஆந்தையோ கொல்லும் இடத்தில் அந்தக் கணக்கு சரி: பத்து போனால் இருபது பிறக்கும். தொற்றுநோயிடம் அந்தக் கணக்கு எடுபடாது. நெருக்கமாக, ஏராளமாக வாழ்வதே தெள்ளுக்கும் கிருமிக்கும் வசதி. ஆண்ட்ரூஸ் வியந்த அந்தக் கூட்டம்தான் நோய் தாவிச் செல்லப் பாலம் ஆனது. சிவப்புத் தலைக் குருவி இணை இணையாக, தனக்கென்று காட்டில் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு வாழ்வது.

ஓர் உயிரினம் போகும்போது தனியாகப் போவதில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மக்லியர் எலியின் உடம்பில் ஓர் உண்ணி இனம் ஒட்டி வாழ்ந்தது. எலி போனது, உண்ணியும் போனது. இன்று கிறிஸ்துமஸ் தீவு என்றாலே கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு நடந்துபோகும் படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நண்டுகளை ஒரு காலத்தில் எலிகள் கட்டுக்குள் வைத்திருந்தன, எலிகள் மறைந்த பிறகே நண்டு இவ்வளவு பெருகியது என்ற கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. கருத்துதான், நிரூபணம் அல்ல. மகள் எழுதினால் அந்த வேறுபாட்டோடு எழுதட்டும்.

இப்போது நம் தீவுக்குத் திரும்புவோம். கருப்பெலியின் பூர்வீகம் இந்தியத் தீபகற்பம். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், 1730களில், போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து வந்த கல்தச்சர்களும் கொத்தர்களும் நம் முன்னோர். கருப்பெலி அவர்களுக்கும் முந்திக்கொண்ட ஊர்க்காரன். 1638இல் டச்சுக்காரர் குடியேறுவதற்கு முன்பே அது இங்கே பெருகியிருந்தது. குரங்குகளும் அப்படியே. எலியே இல்லாத தீவில் பழகிய பறவைகளுக்கு, இருட்டில் மரமேறி வந்து முட்டையைத் தின்னும் பிராணி என்ற ஒன்றே தெரியாது. ரீயூனியனில் இதே குருவிக்கு நெருங்கிய ஓர் இனம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. நம்முடையது தாக்குப்பிடித்தது, ஆனால் கூடு கூடாக இழந்துகொண்டே தாக்குப்பிடித்தது. குருவிக்கு எலி தரும் சாவு முட்டையிலும் குஞ்சிலும் வரும் சாவு. பெரிய பறவை பெரும்பாலும் தப்பிவிடும்; பிள்ளைதான் நிற்காது. அதனால் இழப்பு மெதுவாக நடக்கும். மெதுவாக நடப்பதைத் தடுக்க மனிதனுக்கு நேரம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் தீவில் அந்த நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை.

தேதியில் ஒரு விந்தை. ஹிந்துஸ்தான் கப்பலிலிருந்து எலி இறங்கிய அதே 1899இல் நம் தீவில் பிளேக் பரவியது. எலியை ஒழிக்கிறோம் என்று 1900இல் இங்கே கீரியைக் கொண்டுவந்து விட்டார்கள். கீரி எலியை ஒழித்ததா? உங்கள் வீட்டுக் கூரையைக் கேளுங்கள். நம் பறவைகளுக்கு இன்னொரு எதிரி சேர்ந்ததுதான் மிச்சம்.

குரங்குகளையும் விடக்கூடாது. மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்ல, அது கோபித்துக்கொண்டு கூட்டைப் பிய்த்தெறிந்த கதையை நம் பாட்டிமார்கள் சொல்லியிருக்கிறார்கள். பிளாக் ரிவர் காட்டில் அந்தக் கதை தினமும் நடக்கிறது. நம் ஜாக்கோ குரங்குக்கு யாரும் புத்திகூடச் சொல்ல வேண்டியதில்லை.

1970களில் குருவிக்குப் பெரிய அடி விழுந்தது. மரத்தோட்டம் போடுவதற்காகத் தென்மேற்கு மேட்டு நிலத்தில் காட்டை வெட்டினார்கள். நாம் சிவராத்திரிக்குப் போகும் கிராண்ட் பாஸன் ஏரிக்கு அக்கம்பக்கத்து நிலம் அது. 1975இல் சுமார் 250 இணைகளாக இருந்த இனம் 1993இல் நூறு இணை அளவுக்கு வந்துவிட்டது. பாதிக்கு மேல் போயிற்று.

எஞ்சியவை எங்கே குஞ்சு பொரித்தன என்று ஆராய்ந்தபோது, எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கும் ஒரு செய்தி வெளிப்பட்டது. நம் சொந்த மரங்களில் கட்டிய கூடுகள் ஏறத்தாழ எல்லாம் வீணாயின. பிழைத்தவை, ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமேரியா என்ற ஊசியிலை மரத்தில் கட்டியவை. காரணம் எளிது. அந்த மரத்தில் தின்ன எதுவும் இல்லை. இலை நெருக்கமாகக் குத்தும். எலிக்கும் குரங்குக்கும் அங்கே வேலை இல்லை. காட்டை அழித்து நட்ட அந்நிய மரமே குருவிக்குக் கோட்டை ஆனது. அந்நிய மரம் என்றாலே பிடுங்க வேண்டும் என்று வகுப்பில் பேசிப் பேசித் தொண்டை வறண்டவன் நான். இந்த ஆய்வைப் படித்த பிறகு அந்தப் பாடத்தில் ஒரு "ஆனால்" சேர்த்துக்கொண்டேன்.

அதற்கு மேல்தான் மனித முயற்சி. மஹேபூர் கடற்கரைக்கு எதிரே இல் ஓஸ் எக்ரெத் என்று ஒரு சிறு தீவு. பெயருக்குக் கொக்குத் தீவு என்று பொருள். 26 ஹெக்டேர்தான். பவளச் சுண்ணாம்புப் பாறை. கடலோரக் கருங்காலி மரங்கள் மிஞ்சியிருக்கும் இடம். 1984இல் தொடங்கிய மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. 1991இல் அங்கே எலியை முற்றாக ஒழித்தார்கள். பிறகு காட்டில் எப்படியும் எலிக்கு இரையாகப் போகிற கூடுகளிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்துவந்து, பிளாக் ரிவரில் உள்ள ஜெரால்ட் டரல் சரணாலயத்தில் கையால் ஊட்டி வளர்த்தார்கள். முட்டை போன தாய் மறுபடி முட்டையிடும் என்பதால் காட்டுக்கு நஷ்டம் இல்லை. 2003 முதல் 2006 வரை 93 குருவிகளை அந்தத் தீவில் விட்டார்கள். அவை தாமாகப் பெருகின. 2009இல், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் உலகச் செம்பட்டியலில் "மிகவும் அபாய நிலை" என்பதிலிருந்து "அபாய நிலை" என்று ஒரு படி இறக்கினார்கள். இந்தப் பட்டியலில் இறங்குவதுதான் நல்ல சேதி. பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பணியின் ஒவ்வொரு படியும் எதிரி யார் என்று தெரிந்ததால் முடிந்தது. எதிரி கண்ணுக்குத் தெரியும் பிராணி. பொறி வைக்கலாம், நஞ்சு வைக்கலாம், கடலைக் காவலாக வைத்து ஒரு சிறு தீவுக்குக் குடிமாற்றலாம். தெள்ளுக்குள் ஒளிந்து வந்த கிருமியை 1901இல் டர்ஹம் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும், ஓர் எலியைக் காப்பாற்றுங்கள் என்று பாஸ்பேட் கம்பெனியிடம் யார் போய்ச் சொல்வது?

நான் சொல்லும் உறவுக் கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கருப்பெலி இறங்கிய கிறிஸ்துமஸ் தீவில் பாடும் பறவைகளுக்கு என்ன ஆயிற்று? அங்கே ஒரு வெள்ளைக்கண்ணி உண்டு. காத்ர் போர்ன் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகும்போது புதரெல்லாம் கும்பலாகத் தாவித் திரியும் நம் பிக்-பிக் குருவியின் ஒன்றுவிட்ட உறவு. அது அழியவில்லை. இன்றும் தீவில் எங்கும் ஏராளமாக இருக்கிறது. ஒரே கப்பல், ஒரே எலி, ஒரே தீவு. சொந்த எலிகள் போயின, குருவி நின்றது. இதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். அந்தத் தீவுப் பறவைகள் ஏற்கெனவே இரண்டு எலியினங்களோடும் கணக்கற்ற நண்டுகளோடும் வாழ்ந்து பழகியவை. முட்டை திருடுபவனைப் பற்றிப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. சொந்த எலியோ தரை நண்டோ இருந்த தீவுகளில் வந்தேறி எலியால் பறவைகளுக்குச் சேதம் குறைவு என்பது பல தீவுகளில் கண்ட உண்மை. மக்லியர் எலி, தான் அழிவதற்கு முன் தன் தீவுப் பறவைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம். நம் பறவைகளுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் உங்கள் மகள் ஒரு மறுப்புக் கேள்வி கேட்பாள்: அப்படியானால் பறவைக்கு உறவுப் பறவையிடமிருந்து நோய் வராதா? வரும். நம் இளஞ்சிவப்புப் புறாவே சாட்சி. வெளியிலிருந்து வந்த புறா இனங்கள் சுமந்துவரும் டிரிக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிரி அதன் தொண்டையில் புண்ணாக்கிக் குஞ்சுகளைக் கொல்கிறது. அங்கும் அதே விதிதான்: புறாவுக்குப் புறா எமன். நம் சிவப்புத் தலைக் குருவிக்கும் மடகாஸ்கரிலிருந்து வந்த ஓர் உறவு இங்கே இருக்கிறது. தோட்டங்களில், கரும்பு ஓரத்தில், பள்ளி முற்றத்தில் நாம் கர்தினால் என்று கூப்பிடும் சிவப்புக் குருவி அதுதான். இதுவரை அதனால் பேரழிவு நேரவில்லை. சொந்த எலிக்கு வாய்த்த உறவைவிட இதற்கு வாய்த்த உறவு சாது.

"அழிந்ததை மீட்க முடியுமா?" என்ற கேள்வியும் ஆசிரியரிடமிருந்து நிச்சயம் வரும், இந்த எலிக்கு அதற்குத் துல்லியமான பதில் இருக்கிறது. 2022இல் மக்லியர் எலியின் பழைய தோலிலிருந்து மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். படித்ததை ஒப்பிட்டு அடுக்குவதற்கு நம் சாக்கடைப் பழுப்பெலியின் மரபணுவை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமத்தில் அது நேற்று. அப்படியிருந்தும் ஏறத்தாழ 5 விழுக்காடு கிடைக்கவே இல்லை. கிடைக்காதவை சிதறலாக இருந்தாலும் பரவாயில்லை. மோப்பம் சார்ந்த மரபணுக்களிலும் நோய் எதிர்ப்பு சார்ந்தவற்றிலும்தான் ஓட்டை அதிகம். இரண்டு இனங்களும் தத்தம் வழியில் வேகமாக மாறிய இடங்கள் அவை. மாதிரியோடு பொருந்தாததால் அடுக்க முடியவில்லை. பழுப்பெலியின் துண்டுகளால் அந்த ஓட்டையை அடைத்து ஒன்றைப் பிறப்பித்தாலும், அது பழுப்பெலியைப் போலவே மோப்பம் பிடிக்கும். ஆண்ட்ரூஸின் கூடாரத்துக்குள் நுழைந்தது அந்த எலி அல்ல.

குருவியின் கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று மட்டும் எழுத வேண்டாம். கப்பல் இந்தக் கதையை விடவில்லை. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் புவாண்ட் தெஸ்னி அருகே பவளப்பாறையில் மோதியது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தது. எதிரே இருந்தது அந்தக் கொக்குத் தீவுதான். கரும்புச் சருகைத் துணியில் அடைத்துத் தைத்து, காலி பாட்டில்களைக் கோத்து மிதவை செய்து, நாமெல்லாம் மஹேபூரில் போய் நின்றோம், உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நாள்களில் சில குருவிகளையும், அவற்றைவிட அரிதான பச்சை வெள்ளைக்கண்ணிகளையும் பிடித்துப் பாதுகாப்பாகப் பெருந்தீவுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் அவற்றில் சில ஜெர்சி தீவின் விலங்குப் பூங்கா வரை பயணம் போயின. ஒரே சிறு தீவில் பெரும்பகுதியை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப்போக முடிந்தால் போங்கள். புவாண்ட் ஜெரோமிலிருந்து படகு. சில நிமிடப் பயணம். காலையில் போனால் நல்லது. கருங்காலி மர நிழலில் பேசாமல் நின்றால் போதும், குருவியே கிட்டே வரும்.

படத்துக்கு இரண்டு குறிப்பு. ஆண் குருவிக்கு இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பு தலையிலும் கழுத்திலும் மார்பிலும், வாலுக்கு மேலே இடுப்பிலும் மட்டும். வயிறும் இறக்கையும் ஆலிவ் பழுப்பு. வயிறு முழுக்கச் சிவப்பு அடித்தால் அது மடகாஸ்கர்க் குருவியாகிவிடும். பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் அடிப்பார்கள். பெண் குருவிக்குச் சிவப்பே இல்லை. எலிக்கு வாலைப் பெரிதாகவே வரையட்டும். உடம்புக்கு அருகே உள்ள பாதிக்குக் கறுப்பு, நுனிப் பாதிக்கு ஒன்றும் அடிக்காமல் தாளின் வெள்ளையையே விட்டுவிடலாம்.